கிளிநொச்சியிலிருந்து போய் சயாம் மரண ரயில்பாதையைக் கார் எடுத்துப் பார்க்க நாலு நாள் போதுமா?

போதும். ஆனால் பயண வழிகாட்டிகள் சொல்கிற ஒழுங்கில் போனால், தமிழர் பார்க்கவேண்டிய இடங்கள் விடுபட்டுப் போகும்.

"வன்னியில பார்க்காத போரா? காசு குடுத்து வேற நாட்டிலயும் போய்ப் பார்க்கவேணுமோ?" என்று உங்களைக் கட்டாயம் கேட்பார்கள். கேட்கட்டும். 1942, 43இல் யப்பானியப் படை தாய்லாந்தில் (அந்தக் காலத்துச் சயாம்) இருந்து பர்மாவுக்கு இந்த ரயில்பாதையைப் போட, மலாயா றப்பர் தோட்டங்களில் இருந்து ஏற்றிக்கொண்டு போனவர்களில் பெருந்தொகையானோர் தமிழர். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் எத்தனை! அவர்களின் பூட்டன்மாரைத் தமிழ்நாட்டில் இருந்து கூட்டி வந்ததும் கங்காணிமார்தான், மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்ததும் கங்காணிமார்தான். ஒரு கப்பல் இங்கே வந்தது, மற்றது அங்கே போனது. ஆகவே இது வேறு யாரோவின் போர் இல்லை.

இனி விசயத்துக்கு வருவோம். தாய்லாந்திலும் இடப்பக்க ஓட்டம்தான். இலங்கை லைசென்சோடு சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரமும் வேண்டும். கொழும்பில் ஓட்டோமொபைல் சங்கம் கொடுக்கிறது. காருக்குரிய பிரிவில் முத்திரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே திறந்து பாருங்கோ. மோட்டார்சைக்கிள் பிரிவு மட்டும் இருந்தால் விபத்து நேரத்தில் காப்புறுதி கைவிடும். விசா விதி அடிக்கடி மாறுகிறது, ரிக்கெற் போடமுதல் தூதரகத் தளத்தைப் பாருங்கோ. 2025 மே முதல் டிஜிற்றல் வருகை அட்டையும் கட்டாயம். தரையிறங்க முன் மூன்று நாளுக்குள் நிரப்பவேண்டும், அது இலவசம். காசு கேட்கிற தளம் போலி.

வாடகைக் கார் நிறுவனங்கள் முற்பணத்தைப் பெரும்பாலும் கிரெடிற் காட்டில்தான் மறித்து வைக்கும். காட்டில் உள்ள பெயரும் ஓட்டுபவரின் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். இதில்தான் நம்மவர்கள் மாட்டுப்படுவது. வயல் செய்கிறவரும் கடற்தொழில் செய்கிறவரும் ஒழுங்காக உழைத்தாலும் சம்பளச் சிட்டை இல்லையென்று வங்கிகள் காட் கொடுப்பதில்லை. அறுவடைக் காசை வைப்பிலிட மட்டும் அவர்கள் வேண்டுமாம்! எனக்கு இது பெரிய கோபம். உங்களோடு வருபவர்களில் காட் உள்ளவரையே சாரதியாகப் போடுங்கோ.

சாதாரண ஓட்டோ கியர் கார் போதும், 323ஆம் இலக்க வீதி நல்ல தார் றோட். பெற்றோல் நிலையத்தில் 91, 95, ஈ20, ஈ85 என்று பல குழாய் இருக்கும். எரிபொருள் மூடியின் உட்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து அதையே அடியுங்கோ. ஈ85 எல்லா இயந்திரத்துக்கும் ஒத்துவராது.

முதல் நாள் பாங்கொக் நகருக்குள் நுழையாமல் நேரே காஞ்சனபுரி போய்ப் படுங்கோ. இரண்டாம் நாள் முழுக்க அந்த நகரத்துக்கு. காலையில் முதலில் தாய்லாந்து-பர்மா ரயில்பாதை நூதனசாலை. வரைபடம், முகாம்கள், வாந்திபேதி பரவியது எல்லாம் அங்கே விளங்கினால்தான் மற்ற இடங்கள் பேசும். பக்கத்தில் போர் மயானம்: ஏறக்குறைய 7,000 கல்லறைகள், பிரித்தானிய, அவுஸ்திரேலிய, டச்சு வீரர்களுக்கு. புல் வெட்டி, பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்து வைத்திருக்கிறார்கள். பாதையில் இறந்த போர்க்கைதிகள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர் அதைவிடப் பல மடங்கு, அவர்களுக்கு இப்படி ஒரு மயானமும் இல்லை. அதனால் அதே நாளில் இரண்டு இடத்துக்குக் கட்டாயம் போங்கோ. ஒன்று, குவாய் ஆற்று ரயில் பாலத்துக்குக் கிட்ட 1944இல் யப்பானியர் கட்டிய நினைவுத்தூண். அதில் தமிழிலும் எழுதியிருக்கிறது, கொன்றவர்களே வைத்த கல் என்பதையும் நினைத்து வாசியுங்கோ. மற்றது தவோர்ன் வராராம் விகாரை. தொழிலாளரின் எலும்புகள் அங்கேதான் கூட்டாக வைக்கப்பட்டிருக்கின்றன. 2023இல் தமிழருக்கு நடுகல்லும் அங்கே நாட்டினார்கள்.

பாலத்துக்கு அரை மணித்தியாலம் போதும். வளைந்த இரும்புச் சட்டங்கள் அந்தக் காலத்தவை, நேரான இரண்டும் போருக்குப் பின் போட்டவை.

மூன்றாம் நாள் சாரதி, ரயில் இப்போது போகிற கடைசி ஊரான ‘நாம் தொக்’ நிலையத்துக்குக் காரில் போக, மற்றவர்கள் காலை ரயிலில் வரட்டும். இடப்பக்கம் இருங்கோ, வாம்போ மரப்பாலத்தில் ஆறு அந்தப் பக்கம்தான். நாளுக்குச் சில வண்டிகள்தான், பிந்தியும் வரும். பின்னேரம் வேறொன்றும் வைக்கவேண்டாம்.

நாலாம் நாள் விடிய, கைதிகளும் தொழிலாளரும் பாறையை வெட்டிப் பாதை திறந்த ஹெல்ஃபயர் கணவாய், காஞ்சனபுரியில் இருந்து ஏறக்குறைய 80 கிலோமீற்றர். நூதனசாலைக்குக் கட்டணம் இல்லை, அவுஸ்திரேலிய அரசு நடத்துகிறது. கீழே இறங்கும் படிகள் இலேசு, திரும்பி ஏறுவதுதான் ஆளை முறிக்கும். தண்ணீர், மூடிய சப்பாத்து, வெயிலுக்கு முன் போகிற புத்தி, மூன்றும் தேவை. நவம்பர் முதல் பெப்ரவரி வரை நல்ல காலம்.

பர்மா எல்லையில் இருக்கிற மூன்று பகோடாக் கணவாய்வரை போக ஆசை வரும். நாலு நாளில் வேண்டாம். நாம் தொக்குக்கு அப்பால் தண்டவாளம் கழற்றப்பட்டுவிட்டது, மேல்பகுதியில் ஒரு துண்டு காவோ லாம் அணையின் நீருக்குள். வளைந்த மலை றோட், இடையில் சோதனைச்சாவடியும் வரும். ஏ9இல் நேராக ஓடிப் பழகியவர்கள் இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருவார்கள்; அது சூடேறிப் பிடிக்காமல் போகும், கியரைக் குறைத்து இறக்கவேண்டும். அங்கே போவதென்றால் இன்னும் இரண்டு நாள் கூட்டுங்கோ. எல்லைக்கு அப்பால், பர்மாவில் தன்பியூசயாற் மயானத்துக்கு இப்போதைய நிலைமையில் போகவேண்டாம்.