சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் ராஜாஜி சாலையில இருக்கற பழைய செவப்பு எஸ்பிஐ கட்டிடத்துல அப்படி என்ன விசேஷம்?

கேள்வி நல்ல கேள்விங்க, ஏன்னா அந்த ரோட்டுல தினமும் பஸ்ல போறவங்க பாதிப்பேர் அதை ஹைகோர்ட்டோட இன்னொரு பிளாக்னுதான் நினைச்சுட்டு இருக்காங்க.

அது முதல்ல எஸ்பிஐக்காக கட்டுனதே இல்ல. 1843-ல ஆரம்பிச்ச பேங்க் ஆஃப் மெட்ராஸ் 1890-கள்ல தனக்காக கட்டுன தலைமை ஆபீஸ். 1921-ல பேங்க் ஆஃப் பெங்கால், பேங்க் ஆஃப் பாம்பே ரெண்டோடயும் சேர்ந்து இம்பீரியல் பேங்க் ஆச்சு, 1955-ல ஸ்டேட் பேங்க். போர்டுதான் மாறிக்கிட்டே வந்துச்சு, உள்ள பேங்க் வேலை நிக்கல.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, பேங்க்னாலே கிரேக்கக் கோயில் மாதிரி வெள்ளைத் தூணை வரிசையா நிறுத்துற காலத்துல இங்க செங்கல், வளைவு, மூலைக்கு மூலை குவிமாடம்னு, இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய பாணிகளைக் கலந்த இந்தோ சாரசனிக்ல கட்டியிருக்காங்க. பக்கத்துலயே ராபர்ட் சிஸம்ங்கற கட்டிடக் கலைஞரோட டிசைன்ல 1884-ல முடிஞ்ச ஜிபிஓ (தலைமை தபால் ஆபீஸ்), 1892-ல முடிஞ்ச ஹைகோர்ட் ரெண்டும் அதே செவப்புல நின்னுச்சு, ஊருக்கே அது ஒரு முகமா ஆகிடுச்சு. இந்த பேங்க் கட்டிடத்துக்கு சாமுவேல் ஜேக்கப் போட்ட டிசைனை ஹென்றி இர்வின் மாத்தி முடிச்சாரு. ஹைகோர்ட்டை முடிச்சதும் இதே இர்வின்தான், பின்னாடி மைசூர் அரண்மனைக்கும் இவரேதான்.

ஆனா ஜேக்கப், இர்வின்னு சொல்ற எல்லாரும் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியை விட்டுடறாங்க, அதுதான் எனக்கு ஆத்தாமை. கட்டுன கான்ட்ராக்டர் அவர்தான், ஹைகோர்ட்டையும் அவர்தான் கட்டினாரு. பேப்பர்ல ஒரு வளைவை வரைஞ்சுடலாம், ஆனா ஆயிரக்கணக்கான செங்கலை ஒண்ணுக்கொண்ணு பிசகாம அடுக்கி, சுண்ணாம்புக் கலவையில நிக்க வைக்கிறது மேஸ்திரியும் கொத்தனாரும் செய்யற வேலை. கணித மேதை ராமானுஜன் கடைசிக் காலத்துல சேத்துப்பட்டுல தங்கியிருந்தாரே, அந்த வீடும் இந்த செட்டியாரோடதுதான்.

2014 ஜூலை 12, ஒரு சனிக்கிழமை, இந்த பேங்க் கட்டிடத்துக்குள்ள தீப்பிடிச்சுது. மேல்மாடி எரிஞ்சு கூரையில ஒரு பகுதி சரிஞ்சு விழுந்துடுச்சு. 2000-ல ஜிபிஓவுக்கும் இதே கதி. இந்தக் கட்டிடங்கள்ல இருக்கற அந்தக் காலத்து கூரை முறையான மெட்ராஸ் டெரஸ்ங்கறது தேக்கு உத்திரம் போட்டு, மேல சின்னச் சின்ன செங்கலை குத்துவாட்டுல மூலைவாட்டமா அடுக்கி, சுண்ணாம்பு ஊத்தி, மேல தட்டோடு பதிக்கறது. வெயிலுக்கு அவ்வளவு குளுமை, ஆனா உத்திரத்துல தீ ஏறிட்டா மேல இருக்கற மொத்த பாரமும் கீழதான் வரும். அதனால இந்த மாதிரி கட்டிடத்துல பழைய வயரிங்கை மாத்துறதையும், மாடியில பேப்பர்கட்டு குவியாம பாத்துக்கறதையும் பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி செய்யணும்னு நான் அடிச்சு சொல்வேன்.

நேர்ல பாக்கணும்னா ஞாயித்துக்கிழமை காலையில பீச் ஸ்டேஷன்ல இறங்கி கட்டிடத்துக்கு எதிர்ப்பக்க நடைபாதையில நின்னு பாருங்க. கட்டிடத்தோட முகம் கடலைப் பாத்துதான் இருக்கு, வெயில் நேரா விழும், லாரியும் கம்மியா இருக்கும்.