கருவிலேயே முறியும் எலும்பு: கேள்வி பதில்

கேள்வி: இருபதாவது வார ஸ்கேனில் தொடை எலும்பு இரண்டு வாரம் பின்தங்கியிருக்கிறதாம். இரவெல்லாம் தூக்கமில்லை. எலும்பு நொறுங்கும் நோயா, டாக்டர்?

பதில்: நீங்களும் உங்கள் கணவரும் என்ன உயரம்? பெற்றோர் குள்ளமாக இருந்தால் பிள்ளையின் தொடை எலும்பும் குட்டையாக இருக்கலாம். நஞ்சுக்கொடி சரியாக ஊட்டாவிட்டாலும் வளர்ச்சி பின்தங்கும். ஆகவே நீளத்தை விட்டுவிட்டு வடிவத்தைக் கேளுங்கள். எலும்பு வளைந்திருக்கிறதா? முறிந்து கூடிய இடங்கள் புடைத்துத் தெரிகின்றனவா?

கடுமையான வகைக்கு இன்னொரு அடையாளம் உண்டு. வழக்கமாக, ஸ்கேன் கருவியை ஒட்டிய பக்கத்து மூளை மங்கலாகத்தான் தெரியும்; மண்டையோடு ஒலியை மறித்துவிடும். ஓட்டில் சுண்ணாம்புச் சத்து ஏறாத குழந்தைக்கோ அந்தப் பக்கமும் பளிச்சென்று தெரியும். கருவியைச் சற்று அழுத்தினால் தலையே அமுங்கும். மூளை இத்தனை தெளிவாகத் தெரிந்தால் அனுபவமுள்ள மருத்துவரின் முகம் மாறிவிடும்.

மார்புக்கூட்டின் அளவையும் கேளுங்கள். அது குறுகிவிட்டால் நுரையீரல் வளர இடமிருக்காது. குழந்தை பிழைப்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான்.

கேள்வி: நான் கால்சியம் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மாமியார் அதையே சொல்லிக்காட்டுகிறார்.

பதில்: இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். பெரும்பாலோருக்குக் கோளாறு, எலும்புக்குக் கம்பிபோல் இருக்கும் கொலாஜன் புரதத்தை உருவாக்கும் இரண்டு மரபணுக்களில் ஒன்றில் இருக்கிறது. கொலாஜன் மூன்று புரிக் கயிறு. ஒவ்வொரு புரியிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் உட்கார வேண்டும். அங்கே பருத்த வேறொன்று நுழைந்தால் முறுக்கு கெட்டுவிடும். கம்பி சரியில்லாத கட்டடத்துக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் கொட்டி என்ன?

கேள்வி: முதல் குழந்தை இந்நோயால் பிறந்த அன்றே போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. அடுத்ததற்கும் வருமா? நான் தாய்மாமனை மணந்தவள்.

பதில்: கடைசியில் சொன்னீர்களே, அதுதான் முக்கியம். பொதுவாக இது அந்தக் குழந்தையிடம் புதிதாகத் தோன்றிய மரபணுப் பிறழ்வு. மறுபடி வரும் வாய்ப்பு குறைவு. பூஜ்யம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். பெற்றோரின் கருமுட்டை, விந்தணுக்கள் சிலவற்றில் அது ஒளிந்திருக்கலாம். உறவுக்குள் மணந்தவர்கள் இருவருமே ஒரே பிறழ்வைச் சுமக்கும் ஒடுங்குவகையும் (இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய்) இருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு முறையும் 4இல் 1. குழந்தையின் ரத்தமோ திசுவோ சேமித்திருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் உங்கள் இருவர் ரத்தத்தையும் சோதிக்கலாம். பிறழ்வு எதுவென்று தெரிந்தால், அடுத்த கர்ப்பத்தில் 11 வாரம் முடிந்ததும் நஞ்சுக்கொடித் துணுக்கு எடுத்துப் பார்த்துவிடலாம். கருத்தரிக்கும் முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி: சிசேரியன் செய்தால் முறிவு குறையுமா?

பதில்: இந்நோய்க்காக மட்டும் சிசேரியன் வேண்டியதில்லை, அதனால் முறிவு குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

கேள்வி: எனக்கே லேசான வகை, கண்ணின் வெள்ளை நீலமாக இருக்கும். ஸ்கேனில் எல்லாம் சரி என்கிறார்கள். நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: கடுமையான வகை இல்லை என்ற அளவில் இருக்கலாம். லேசான வகை கருவில் பெரும்பாலும் தெரியாது, உங்கள் பிள்ளைக்கு வரும் வாய்ப்போ பாதிக்குப் பாதி. பிரசவ அறையில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: குழந்தையைக் காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது.