விடியற்காலை ஐந்து மணி எக்காளம்

வணக்கம் ஐயா,

சிகாகோவில் ஒரு சரக்குக் கிடங்கில் இரவுப்பணி பார்க்கிறேன். கூட வேலை செய்பவர் போலந்துக்காரர், அறுபது வயது. விடியற்காலை ஐந்து மணி ஆனால் கைப்பேசியில் போலந்து வானொலியைப் போடுவார். எக்காளம் ஒலிக்கும், பாதியில் சட்டென்று நின்றுவிடும். அதன் பிறகுதான் காபியைத் தொடுவார். வேலை முடிந்து காரில் ஏறியதும் சிகாகோவிலிருந்தே வரும் போலிஷ் வானொலி. அதில் பாதி நேரம் பழைய வரலாறு. வார்சாவே கைக்குள் இருக்கும்போது இந்த உள்ளூர் வானொலி எதற்கு? அவரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

ர., சிகாகோ

அன்புள்ள ர.,

முதலில் எக்காளம். கிராக்கோவ் நகரில் மரியன்னை தேவாலயக் கோபுரத்தில் மணிக்கு ஒருமுறை தீயணைப்பு வீரர் ஒருவர் நாலு திசைக்கும் திரும்பி ஊதுகிறார். 13ஆம் நூற்றாண்டில் தாத்தாரியர் படை வருவதைக் கண்டு ஊதிய காவலாளியின் தொண்டையில் அம்பு தைத்ததாம். அதனால் அந்த இடத்திலேயே நிறுத்துகிறார்கள் என்பது ஊர்க்கதை. நண்பகல் ஊதலைப் போலந்து வானொலி 1927 முதல் ஒலிபரப்புகிறது. அங்கே பகல் 12 என்றால் உங்களுக்கு விடியற்காலை 5.

சரி, உள்ளூர் வானொலிக்கு வருவோம். 1795 முதல் 1918 வரை, 123 ஆண்டுகள், போலந்து என்றொரு நாடே வரைபடத்தில் இல்லை. இன்றைய தேசிய கீதம்கூட 1797இல் இத்தாலியில், அந்நிய மண்ணில் திரண்ட போலந்துப் படையினருக்காக எழுதப்பட்டதுதான். வெளியே போனவர்கள் நாட்டைக் கூடவே தூக்கிக்கொண்டு போவது அவர்களுக்குப் பழகிய விஷயம். வெளியே வாழும் தங்களைப் 'போலோனியா' என்று ஒரே பெயரில் சொல்லிக்கொள்வார்கள்.

காத்தின் படுகொலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1940 வசந்தகாலத்தில் சோவியத் ரகசியக் காவல்துறை போலந்து ராணுவ அதிகாரிகள் உட்பட ஏறத்தாழ 22,000 பேரைச் சுட்டுக் கொன்றது. பழியை ஜெர்மானியர் மீது போட்டார்கள். கம்யூனிச ஆட்சியில் உண்மையைப் பொதுவில் சொல்ல வழியில்லை. மாஸ்கோ ஒப்புக்கொண்டது 1990இல். அதுவரை அப்பாவை இழந்த பிள்ளைகள் வீட்டுக்குள் கிசுகிசுத்துக்கொண்டிருந்ததை வெளிநாட்டுப் போலிஷ் வானொலிகள் உரக்கச் சொல்ல முடிந்தது. உங்கள் ஊரிலேயே லிடியா புசின்ஸ்கா என்ற அம்மையார் பல பத்தாண்டுகள் போலிஷ் நிகழ்ச்சி நடத்தினார். அவர் மகன் ரோமன் புசின்ஸ்கிதான் 1952இல் காத்தினை விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் தலைமைப் புலனாய்வாளர்.

அதே 1952இல், மே 3 அன்று, ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து, கம்யூனிச நாட்டு மக்களுக்காக அமெரிக்கா நிதி கொடுத்து நடத்திய சுதந்திர ஐரோப்பா வானொலியின் போலிஷ் சேவை தொடங்கியது. போலந்தின் 1791ஆம் ஆண்டு அரசியலமைப்பின் நினைவு நாள் அது. போலந்தில் அந்த விடுமுறையையே ஆட்சியாளர்கள் எடுத்துவிட்டிருந்தார்கள். அந்தத் தேதியில் ஆரம்பித்தார்கள் பாருங்கள், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். போலந்துக்குள் யாரும் கேட்கக்கூடாது என்று ஆட்சியாளர்கள் அலைவரிசையில் இரைச்சலைக் கலந்துவிட்டார்கள். மக்கள் இரைச்சலோடு சேர்த்தே கேட்டார்கள்.

இன்று வார்சாவில் எதையும் பேசலாம். ஆனால் வார்சா வார்சாவைப் பற்றித்தான் பேசும். சிகாகோவின் முதல் போலிஷ் தேவாலயப் பங்கு 1867இல் எப்படி உருவானது, இறைச்சித் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் எந்தத் தெருவில் குடியிருந்தார்கள் என்பதெல்லாம் அங்கே யாருக்குத் தேவை? அது சிகாகோக்காரர்களின் வரலாறு. அவர்கள் சொல்லாவிட்டால் வேறு ஆள் கிடையாது. பிறந்தநாளைவிடப் பெயர்த் திருநாளை, அதாவது தங்கள் பெயர் கொண்ட புனிதரின் நாளை, பெரிதாகக் கொண்டாடுகிறவர்கள் அவர்கள். இந்தத் தெரு ஆன்னாவுக்கும் அந்தப் பாட்டிக்கும் பெயர் சொல்லி வாழ்த்து, அப்புறம் ஒரு பாட்டு, நம் நேயர் விருப்பம் மாதிரி. வார்சாவிலிருந்து அது வராது.

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் யுஸ்டின் ஃபிகாஸ் என்ற பிரான்சிஸ்கன் துறவி 1931இல் ஒரு போலிஷ் ஜெபமாலை நிகழ்ச்சி தொடங்கினார். பாட்டு, உரை, அதன் பிறகு நேயர் கடிதங்களுக்குப் பதில். இதை எழுதும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன். 1959இல் அவர் இறந்த பிறகும் நிகழ்ச்சி நிற்கவில்லை.

உங்கள் நண்பரிடம் தயங்காமல் கேளுங்கள். அவர் வீட்டில் அம்மா எந்த வானொலி கேட்டார், சத்தத்தை எவ்வளவு குறைத்து வைத்துக் கேட்டார் என்று ஆரம்பியுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.