எறும்பு வரிசையும் 10.3 அங்குலமும்

கேள்வி: மின்னணுப் பொறியியல் படிக்கிறேன். பாடநூல்கள், டேட்டாஷீட்டுகள் (மின்னணுப் பாகங்களின் விவரக் குறிப்பேடுகள்) எல்லாமே பிடிஎஃப். லேப்டாப்பில் படித்தால் கண் எரிகிறது. மின்னூல் படிக்கும் கருவியான இ-ரீடர் 6 அங்குலத்தில் போதுமா சார்?

பதில்: போதாது. நாவல் படிக்கத்தான் அது லாயக்கு. நாவல் பெரும்பாலும் இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவில் வரும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும். பிடிஎஃப் அப்படி வளைந்து கொடுக்காது. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். 6 அங்குலம் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு; அதன் அகலம் சுமார் 90தான். 10 பாயின்ட் எழுத்து 4 பாயின்ட்டாகச் சுருங்கி எறும்பு வரிசை போலத் தெரியும். நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். சர்க்யூட் படத்தைப் பெரிதாக்கி, இழுத்து, நகர்த்தி ரெசிஸ்டரைக் கண்டுபிடிப்பதற்குள் எதற்குத் தேடினோம் என்பதே மறந்துவிடும். இப்போது அதில் என் மனைவி துப்பறியும் கதை படிக்கிறார்.

10.3 அங்குலம் வாங்குங்கள். அதிலும் ஏ4 பக்கம் முக்கால் அளவுக்குள்தான் வரும். ஓரத்து வெள்ளையை வெட்டும் வசதி இருந்தால் சமாளிக்கலாம். 13.3 இன்னும் சுகம், ஆனால் கனமும் விலையும் கூடும். பேனாவால் எழுதும் ஓரக்குறிப்புகளோடு கோப்பை வெளியே எடுக்க முடிகிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். வண்ணத் திரைக்கு ஆசைப்படாதீர்கள்: பலவற்றில் கறுப்பு எழுத்து 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) என்றால் வண்ணம் 150தான், திரையும் சற்று மங்கல்.

இன்னொன்று, இ-ரீடர்களில் இருக்கும் இ-இங்க் (மின்மை) திரையில் பக்கம் மெதுவாகத்தான் மாறும். 800 பக்க டேட்டாஷீட்டில் அட்டவணைக்கும் விளக்கத்துக்கும் தாவித் தாவித் தேடும் வேலைக்கு லேப்டாப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.