கூண்டுக் கம்பி தெரியாமல் விலங்குகளைப் படம் எடுப்பது எப்படி? எடிட்டிங்கில் கம்பியை அழிக்க முடியுமா?

அழிக்கலாம், ஆனால் முகத்தின் குறுக்கே போகும் கம்பியை அழித்தால் மீசையும் சேர்ந்து போய்விடும். எடுக்கும்போதே கம்பியை மறைப்பதுதான் நல்லது.

கடலூர், புதுச்சேரிக்காரர்கள் பெரும்பாலும் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குத்தான் போவோம் (செவ்வாய் விடுமுறை, பஸ் ஏறும் முன் கிழமையைப் பாருங்கள்). தடுப்பைத் தாண்டாமல் வலைக்கு எவ்வளவு அருகில் போக முடியுமோ போங்கள். லென்ஸை 200 மி.மீ.க்கு மேல் இழுத்து, அபெர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளை) முழுக்கத் திறந்து, விலங்கு வலையை விட்டு உள்ளே தள்ளிப் போகும்வரை காத்திருங்கள். கம்பி கரைந்துவிடும். ஒரு விஷயம்: வெயில் பட்டுப் பளபளக்கும் கம்பி கரையாது, வெள்ளைப் புகையாகப் படர்ந்து நிற்கும். நிழல் விழுந்த பகுதியைத் தேடுங்கள். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும்.

நான் இதைப் பழகியது மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு கிரில் கேட்டுக்குப் பின்னால் தூங்கும் பூனையிடம். நாற்பது படம் வீணான பிறகுதான் கை வந்தது.

அப்புறம் எடிட்டிங். கரைந்த கம்பி, படத்தின் மேல் மெல்லிய சாம்பல் திரை போல உட்கார்ந்திருக்கும். பிளாக்ஸைக் (கருமையான பகுதிகளுக்கான ஸ்லைடர்) கீழே இறக்கி, டீஹேஸைக் (மூட்டத்தை நீக்கும் ஸ்லைடர்) கொஞ்சம் ஏற்றினால் திரை விலகும். மரநிழலில் எடுத்த படத்தில் ரோமம் பச்சையடிக்கும். ஒயிட் பேலன்ஸில் (நிறச் சமநிலை) டின்ட்டை (பச்சை, மெஜந்தா இடையே நகரும் ஸ்லைடர்) மெஜந்தா பக்கம் நகர்த்துங்கள். ரா ஃபைலாக (கேமரா பதிவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்திருந்தால் இதெல்லாம் சுலபம். ஷார்ப்பன் (கூர்மை கூட்டுவது) மட்டும் அளவோடு, இல்லையென்றால் புலி தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும்.