துவோனலாவில் ஒரு சாக்ஸபோன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். ஃபின்லாந்து மெட்டல் குழுவான அமோர்ஃபிஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் 'டேல்ஸ் ஃப்ரம் தி தௌசண்ட் லேக்ஸ்' கேட்டேன். ஒரு மாதம் வேறு எதையும் கேட்க முடியவில்லை. அதே வேகத்தில் 1999-இல் வந்த அவர்களுடைய 'துவோனலா'வைப் போட்டேன். பெரிய ஏமாற்றம். உறுமல் குரலைக் கிட்டத்தட்டக் காணோம். ஃபின்லாந்துக் காவியமான கலேவலாவின் வரிகளும் இல்லை. நடுவே சாக்ஸபோன், புல்லாங்குழல் எல்லாம் வருகின்றன. பரிசோதனை என்ற பெயரில் தங்கள் மண்ணை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டார்களோ என்று தோன்றுகிறது. தலைப்பை மட்டும் புராணத்திலிருந்து எடுத்துக்கொண்டால் போதுமா?

கே.

அன்புள்ள கே.,

'துவோனலா' எனக்கு மிகவும் வேண்டிய ஆல்பம். அதனால் உங்கள் கடிதம் கொஞ்சம் வலித்தது. ஆனாலும் கேள்வி நியாயமானது. நானும் முதல் தடவை மூன்றாவது பாடலோடு நிறுத்தியவன்தான். திரும்ப அதனிடம் போக ஒரு வருடம் ஆனது.

உங்களை அதிகம் உறுத்தியது சாக்ஸபோன் என்று படுகிறது. அதையும் புல்லாங்குழலையும் ஊதியவர் சகாரி குக்கோ. 1974-இல் தொடங்கிய பீர்பாவுக்கே என்ற ஃபின்லாந்துக் குழுவின் தலைவர். நாட்டார் மெட்டுகளை ஜாஸோடும் ராக்கோடும் சேர்த்து வாசித்த குழு அது. அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது 'கொனெவித்சா தேவாலய மணிகள்' என்ற மெட்டு. கொனெவித்சா என்பது லடோகா ஏரியில் ஒரு மடாலயம் இருக்கும் தீவு. அந்த மெட்டு கந்தெலேயில், அதாவது ஃபின்லாந்து மக்கள் மடியில் வைத்து மீட்டும் நரம்புக் கருவியில், வழிவழியாக வாசிக்கப்பட்டு வந்தது. இப்போது யோசித்துப் பாருங்கள். அமோர்ஃபிஸ் எங்கிருந்தோ ஓர் அலங்காரத்தைக் கொண்டுவந்து ஒட்டவில்லை. தாங்கள் செய்துகொண்டிருந்த வேலையை ஒரு தலைமுறைக்கு முன்பே வேறு வாத்தியங்களில் செய்தவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். துவோனலா என்பது இறந்தவர்களின் நாடு. அதைச் சுற்றிக் கரிய நீரோடும் ஆறு. ஆற்றில் ஓர் அன்னம். ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியுஸ் 1895-இல் 'துவோனலாவின் அன்னம்' என்ற இசைக்கோவையை எழுதியபோது அந்த அன்னத்தின் குரலை இங்கிலீஷ் ஹார்னுக்குக் கொடுத்தார். ஓபோ குடும்பத்தைச் சேர்ந்த, அடித்தொண்டையில் அழுவது போன்ற குழல் அது. கீழே தந்திக் கருவிகள் மெல்ல அசைந்துகொண்டிருக்க, மேலே அந்த ஒற்றைக் குழல் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். நூறு வருடம் கழித்து அதே பெயரில் ஓர் ஆல்பம் செய்த குழு, கித்தாரின் மேல் மறுபடியும் மூச்சால் ஊதும் வாத்தியத்தை வைத்தது. சிபேலியுஸை நினைத்துத்தான் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. என் காதுக்கு இரண்டும் ஒரே ஆற்றங்கரையில் கேட்கின்றன, அவ்வளவுதான்.

சரி, கலேவலா வரிகள் எங்கே போயின? இதுதான் உங்கள் கேள்வியின் மையம் என்று நினைக்கிறேன். இதற்கு மூன்று ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்க வேண்டும்.

1994-இல் வந்த 'டேல்ஸ்' முழுக்கக் கலேவலாதான். எலியாஸ் லோன்ரோத் ஊர் ஊராக அலைந்து சேகரித்து, 1835-இல் வெளியிட்டு, 1849-இல் விரிவாக்கிய காவியம். 50 பாடல்கள், 22,795 வரிகள். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து வரிகளை எடுத்து தோமி கொய்வுசாரி உறுமினார். அந்த உறுமல் ஒரு மனிதனின் சொந்தக் குரலாக நமக்குக் கேட்பதில்லை. பெயர் தெரியாத ஒரு பழங்காலம் வாய் திறந்தது போல இருக்கும். காவியத்துக்கு அது பொருந்தியது.

1996-இல் 'எலஜி'. இங்கே அவர்கள் எடுத்துக்கொண்டது காவியத்தை அல்ல, கந்தெலெதாரை. அதே லோன்ரோத் 1840-இல் வெளியிடத் தொடங்கிய தனிப்பாடல் திரட்டு. வீரர்கள், மந்திரம், போர் எல்லாம் பின்னால் போய், தனி மனிதர்களின் ஏக்கமும் துயரமும் முன்னால் வருகின்றன. நம் பேச்சில் சொன்னால் புறத்திலிருந்து அகத்துக்கு வந்துவிட்டார்கள். அந்தத் திரட்டின் முதல் பாடல் எனக்கு மிகவும் பிடித்தது. கந்தெலேயைக் காவிய நாயகன் வைனாமொயினன் ஒரு பெரிய மீனின் எலும்பால் செய்தான் என்கிறது கலேவலா. இந்தப் பாடலோ, அப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள், அது துயரத்தால் செய்யப்பட்டது என்று மறுக்கிறது. 'எலஜி'யில் வரும் 'மை கந்தெலே' பாடல் இதிலிருந்து வந்ததுதான். இந்த ஆல்பத்தில்தான் பாசி கொஸ்கினென் என்ற பாடகர் வந்து சேர்ந்தார். உறுமலும் சாதாரணப் பாட்டுக் குரலும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன. 'நான்' என்று ஒருவன் தன் துக்கத்தைச் சொல்லத் தொடங்கியதும் அவனுக்கு ஒரு மனிதக் குரல் தேவைப்பட்டுவிட்டது.

அப்புறம் 'துவோனலா'. இப்போது கையில் பழைய நூல் எதுவும் இல்லை. வரிகளைக் குழுவே எழுதிக்கொண்டது. காவியத்தில் தொடங்கி, தனிப்பாடலுக்கு வந்து, கடைசியில் சொந்தத் துயரத்துக்கு வந்து நிற்கிறார்கள். அதனால்தான் கொஸ்கினெனின் குரல் ஆல்பம் முழுக்கப் பரவியிருக்கிறது. உறுமல் 'கிரீட்' பாடலில் தலைகாட்டுகிறது. அங்கே அது வரும்போது எவ்வளவு அச்சமூட்டுகிறது என்று கவனியுங்கள். எங்கும் உறுமியிருந்தால் அந்த இடத்துக்கு அந்த அச்சம் கிடைத்திருக்காது. மண்ணை விட்டுப் போய்விட்டார்கள் என்கிறீர்கள். எனக்கு அவர்கள் அதே மண்ணை இன்னும் ஆழமாகத் தோண்டியதாகத்தான் தெரிகிறது.

சந்தை பற்றி ஒன்றே ஒன்று. அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது 'டேல்ஸ்'. விற்பனைதான் குறி என்றால் அதையே இன்னும் நான்கு தடவை செய்திருக்கலாம். அமோர்ஃபிஸ் என்ற பெயரே 'உருவமற்றது' என்ற பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததுதான்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 'ஷைனிங்' எனக்குக் கொஞ்சம் மேம்போக்காகப் படுகிறது. கலேவலாவின் உவமைகளுக்குப் பழகிய காதுக்கு அவர்களே எழுதிய ஆங்கில வரிகள் சில இடங்களில் மெலிந்து ஒலிக்கின்றன. அங்கே உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் 'தி வே'யின் தொடக்கக் கித்தாரையும் 'ரஸ்டி மூன்' பாடலில் வரும் புல்லாங்குழலையும் அந்தக் குறைக்காக நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

துவோனலாவின் கதையை நீங்கள் படித்திருக்கிறீர்களா? தமிழிலேயே படிக்கலாம். ஃபின்லாந்தில் வாழ்ந்த ஈழத்து எழுத்தாளர் உதயணன், அதாவது ஆர். சிவலிங்கம், கலேவலா முழுவதையும் தமிழில் கொண்டுவந்தார். அறிமுகம் எழுதியவர் சிந்துவெளி எழுத்தாய்வில் நமக்குத் தெரிந்த அஸ்கோ பார்ப்போலா. நூல் வந்தது 1994-இல், 'டேல்ஸ்' வந்த அதே வருடம். மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில் கிடைக்கிறது. 14, 15-ஆம் பாடல்களை மட்டுமாவது படியுங்கள். அன்னத்தை வேட்டையாடப் போன லெம்மின்கைனன் ஆற்றங்கரையில் கொல்லப்படுகிறான். உடல் துண்டு துண்டாகி நீரில் போகிறது. அவன் தாய் மரத்திடம் கேட்கிறாள், பாதையிடம் கேட்கிறாள், நிலவிடம் கேட்கிறாள். கடைசியில் சூரியன் வழி சொல்கிறது. கொல்லனிடம் ஒரு நீண்ட வாரியைச் செய்து வாங்கிக்கொண்டு போய், ஆற்றை வாரி வாரி மகனைத் துண்டு துண்டாகச் சேர்க்கிறாள். தேனீ கொண்டுவந்த தேனைத் தடவி உயிர்ப்பிக்கிறாள். அதைப் படித்தபிறகு அந்தத் தலைப்பு உங்களுக்கு வெறும் தலைப்பாக இருக்காது.

2004-இல் கொஸ்கினென் விலகினார். அடுத்து வந்தவர் உறுமவும் பாடவும் ஒருசேரத் தெரிந்தவர், பெயர் தோமி யோத்சென். 2006-இல் அவரோடு செய்த 'எக்ளிப்ஸ்' ஆல்பத்தில் குழு மறுபடி கலேவலா மாந்தன் ஒருவனிடம், குல்லெர்வோவிடம், திரும்பியது. இம்முறை இரண்டு குரலும் ஒரே தொண்டையிலிருந்து. யோத்சென் என்றால் ஃபின்னிஷ் மொழியில் அன்னம்.

இன்று இரவு சிபேலியுஸை முதலில் கேளுங்கள், பத்து நிமிடம் போல வரும். பிறகு 'மை கந்தெலே'. பிறகு ஹெட்ஃபோனில், இடையில் நிறுத்தாமல், 'துவோனலா' முழுவதும். அதற்கப்புறமும் பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்தில் விலகினீர்கள் என்று எழுதுங்கள். நானும் அந்த இடத்தை மறுபடி கேட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்.