எதிர்பாராமல் கருவுற்ற அம்மாக்கள்: மனநல ஆலோசகரிடம் கேட்டவை

கேள்வி: அக்கா, மாத்திரை ரெண்டு நாள் விட்டுப்போச்சு. இப்போ மூணு மாசம். எல்லாம் என் தப்புதான்னு உறுத்துது.

பதில்: மறதிக்கு இவ்வளவு பெரிய தண்டனையாம்மா? கருத்தடை மாத்திரை சாப்பிடும் 100 பெண்களில் சுமார் 7 பேர் ஒரு வருடத்துக்குள் கருத்தரிக்கிறார்கள். பயணத்தில் அட்டையை மறந்துவிட்டுப் போகிற சாதாரணப் பெண்களையும் சேர்த்த கணக்கு அது. ஆணுறையில் சுமார் 13. உலகில் உண்டாகும் கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதி திட்டமிடாதவை என்று 2022-இல் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் சொன்னது. அதுவும் போக, இதில் இரண்டு பேருக்குப் பங்கு உண்டு. கூண்டில் நீங்கள் மட்டும் ஏன் ஏறி நிற்கிறீர்கள்?

கேள்வி: முதல் மாசம் பூரா 'வேண்டாம்'னு அழுதேன். இப்போ ஏழாம் மாசம். அந்த நினைப்பு குழந்தையைப் பாதிச்சிருக்குமா?

பதில்: நினைப்பு பாதிக்காது. என்னிடம் வந்த ஒரு அம்மா, இரண்டு கோடு விழுந்த பரிசோதனை அட்டையை அலமாரித் துணிக்கடியில் மாதக்கணக்கில் ஒளித்து வைத்திருந்தார். எடுத்துக் காட்டியபோது கோடு வெளிறியிருந்தது. "வேண்டாம்னு சொன்னதும் நான்தான், இப்போ உதைக்குதான்னு பார்த்துட்டே இருக்கிறதும் நான்தான்" என்றார். இரண்டும் உண்மை. அந்த முதல் மாதத்துப் பயந்த பெண்ணைத் திட்டாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் பிடிக்காமல் போனால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்பத்திலேயே மனச்சோர்வு வரும், அதற்குச் சிகிச்சை உண்டு.

கேள்வி: "இது என்னுதா?"ன்னு கேட்டவர் இப்போ மன்னிப்புக் கேட்கிறார். மன்னிச்சே ஆகணுமா?

பதில்: ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. மன்னிப்பது உங்கள் மனசுக்குள் நடப்பது. திரும்பச் சேர்வதற்கு அவர் நடத்தை மாற வேண்டும். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறுக்கலாம். அடி, மிரட்டல் இருந்தால் முதலில் பாதுகாப்பு; மற்றப் பேச்செல்லாம் அப்புறம்.

கேள்வி: மேடம், நான் கலைச்சிட்டேன். நிம்மதியாவும் இருக்கு, திடீர்னு அழுகையும் வருது.

பதில்: வரட்டும். நிம்மதி பொய்யுமில்லை, அழுகை குற்ற ஒப்புதலுமில்லை. தீர்ப்புச் சொல்லாத ஒருவரிடம் பேசுங்கள்.

கேள்வி: பிரசவமாகி மூணு வாரம். இன்னும் அழுகை நிக்கலை.

பதில்: பிரசவத்துக்குப் பின் வரும் சாதாரண அழுகை இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். உங்களுக்கு அது தாண்டிவிட்டது, இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய, எடின்பரோ அளவுகோல் என்று 1987-இல் வந்த கேள்வித்தாள் ஒன்று உண்டு; 10 கேள்விகள், கடந்த 7 நாட்களைப் பற்றி. கடைசிக் கேள்வி, உங்களையே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியதா என்பது. அதற்கு 'ஆமாம்' என்றால் வாரம் வரை காத்திருக்க வேண்டாம். இன்றே, யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு.